வி.எஸ்.-300: சுற்றி வளைத்து முதல் படத்துக்கே திரும்பிய ஹெலிகாப்டர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஹெலிகாப்டர் வரை என்று எந்தக் குழந்தையிடம் சொன்னாலும் ஒரே மாதிரிதான் வரையும். தலைக்கு மேலே ஒரு பெரிய விசிறி, வால் நுனியில் பக்கவாட்டாக ஒரு குட்டி விசிறி. இந்த உருவம் யாருக்கோ ஒரே இரவில் தோன்றியதல்ல. காகிதத்தில் 1931-லேயே இருந்தது. இயந்திரமாக உருவெடுத்து ஒழுங்காகப் பறக்க 1941 டிசம்பர் வரை ஆனது. நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இந்தக் கேள்வி பதில்கள் சொல்கின்றன.

வி.எஸ்.-300 என்பது என்ன? அந்தப் பெயர் எப்படி வந்தது?

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்போர்டு ஊரில் இகோர் சிகோர்ஸ்கி உருவாக்கிய சோதனை ஹெலிகாப்டர். யுனைடெட் ஏர்கிராஃப்ட் நிறுவனம் அந்தச் சமயத்தில் தன் வாட், சிகோர்ஸ்கி பிரிவுகள் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. அதனால் வி.எஸ். சிகோர்ஸ்கி கைவைத்த மூன்றாவது ஹெலிகாப்டர் என்பதால் 300.

பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது. இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த வெறும் சட்டம். மேலே தகடோ துணியோ போர்த்தவில்லை. பைலட் முன்னால் திறந்த இருக்கையில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் 75 குதிரைத்திறன் லைகாமிங் இன்ஜின். அதிலிருந்து பெல்ட் போட்டு மேலே உள்ள மூன்று பிளேடு ரோட்டரை, அதாவது அந்தப் பெரிய விசிறியை, சுற்றினார்கள். ரோட்டரின் விட்டம் 28 அடி. கூரை போடாத ஆட்டோவின் சட்டத்துக்கு மேல் விசிறி மாட்டியதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், ஏறக்குறைய சரியாக வரும்.

இதுதானே உலகின் முதல் ஹெலிகாப்டர்?

இல்லை. பல இடங்களில் அப்படி எழுதுகிறார்கள், அது தவறு.

1907-லேயே பிரான்சில் பிரெகே சகோதரர்களும் பேராசிரியர் ரிஷேயும் செய்த இயந்திரம் தரையைவிட்டு எழும்பியது. ஆனால் சாயாமலிருக்க நான்கு பக்கமும் ஆள் நின்று பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதே ஆண்டு பால் கார்னு என்ற சைக்கிள்காரர் சில விநாடிகள் எழும்பியதாகச் சொல்கிறார்கள். அது உண்மையில் நடந்திருக்க முடியுமா என்று பின்னால் வந்த பொறியாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். 1932-ல் சோவியத் ரஷ்யாவில் செரியோமுகின் தன் 1-இ.ஏ. இயந்திரத்தில் 605 மீட்டர் உயரம் போனார். செய்தி வெளியே கசியாததால் உலகம் அவரைக் கொண்டாடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் எஃப்.டபிள்யூ.-61 இருக்கிறது. 1936 ஜூனில் முதல்முறை பறந்தது. 1938 பிப்ரவரியில் ஹன்னா ரைட்ச் என்ற பெண் பைலட் அதை பெர்லினில் கூரை போட்ட அரங்கத்துக்கு உள்ளேயே ஓட்டிக் காட்டினார். கட்டுப்பாடு நன்றாக இருந்தால்தான் அப்படி ஓட்ட முடியும். ஆனால் அதற்கு இரண்டு ரோட்டர்கள், உடம்பின் இரு பக்கமும் நீண்ட தாங்கிகளின் முனையில். சிகோர்ஸ்கியின் தனித்தன்மை ஒரே ஒரு பெரிய ரோட்டரை வைத்துச் சமாளித்ததில் இருக்கிறது.

ஒரு ரோட்டர் போதும் என்று நினைத்தவரும் சிகோர்ஸ்கிதானா?

அதுவும் இல்லை! ரஷ்யாவில் போரிஸ் யூரியேவ் 1912-லேயே ஒரு பெரிய ரோட்டரும் வால் ரோட்டரும் கொண்ட இயந்திரத்தைக் கட்டினார். அது பறக்கவில்லை. நெதர்லாந்தில் ஃபான் பாம்ஹவர் 1920-களில் வால் ரோட்டருக்குத் தனி இன்ஜினே வைத்து முயன்றார். யோசனை பலருக்கு இருந்தது. அதைக் கைக்கு அடங்கும் வாகனமாக மாற்றும் பொறுமை சிகோர்ஸ்கியிடம் இருந்தது என்பது என் எண்ணம்.

வால் விசிறி எதற்கு?

சுவரில் டிரில் மெஷின் வைத்துத் துளை போட்டிருக்கிறீர்களா? பிட் உள்ளே சிக்கிக்கொண்டால் மெஷின் நம் மணிக்கட்டை எதிர்ப்பக்கம் முறுக்கும். ஹெலிகாப்டரில் நடப்பதும் அதுதான். இன்ஜின் ரோட்டரை ஒரு பக்கம் சுற்றினால், உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். தரையில் சக்கரம் பிடித்துக்கொள்ளும். ஆகாயத்தில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை.

இரண்டு ரோட்டர்களை எதிரெதிராகச் சுற்றவிட்டால் இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஜெர்மன்காரர்கள் செய்தது இதுதான். சிகோர்ஸ்கியோ நீளமான வாலின் நுனியில் சிறிய விசிறியை வைத்து உடம்பைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தார். வால் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குச் சின்ன விசிறியே போதும், கடப்பாரை நெம்புகிற கணக்கு. இன்ஜின் சக்தியில் கொஞ்சம் வாலுக்குப் போய்விடுகிறது என்பது நஷ்டம். எடையும் சிக்கலும் குறைகிறது என்பது லாபம். அந்த நுனி விசிறியின் பிளேடு கோணத்தைக் கால் பெடலால் கூட்டிக் குறைத்தால் மூக்கை இடமோ வலமோ திருப்பிக்கொள்ளலாம், அது கூடுதல் வரவு.

சிகோர்ஸ்கிக்கு ஹெலிகாப்டர் ஆசை எப்போது வந்தது?

சின்ன வயதில். 1889-ல் கீவ் நகரில் பிறந்தவர். லியோனார்டோ டா வின்சி வரைந்த பறக்கும் திருகைப் பற்றி அம்மா சொன்ன கதைகள் மனதில் தங்கிவிட்டன. பத்தொன்பது வயதில் பாரிஸ் போய் 25 குதிரைத்திறன் அன்சானி இன்ஜின் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். 1909-ல் செய்த முதல் ஹெலிகாப்டர் எழும்பவே இல்லை. 1910-ல் செய்த இரண்டாவது தன் எடையைத் தூக்கியது, ஆனால் பைலட் ஏறினால் தூக்காது. பைலட் இல்லாமல் பறக்கும் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மனிதர் புத்திசாலி. இன்ஜின்கள் இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை என்று புரிந்துகொண்டு ஹெலிகாப்டரை மூட்டை கட்டி வைத்தார். சாதாரண விமானங்களுக்குப் போனார். 1913-ல் உலகின் முதல் நான்கு இன்ஜின் விமானத்தைப் பறக்கவிட்டார். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறி 1919-ல் நியூயார்க் வந்து சேர்ந்தபோது கையில் ஒன்றுமில்லை. ரஷ்யாவிலிருந்து வந்த மற்ற அகதிகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்து வயிற்றைக் கழுவினார். 1923-ல் லாங் ஐலண்டில் ஒரு கோழிப்பண்ணையில் விமானக் கம்பெனி ஆரம்பித்தார். காசில்லாமல் திண்டாடியபோது, தன்னைப் போலவே ரஷ்யாவைவிட்டு வந்த பியானோ மேதை ரக்மானினோவ் 5,000 டாலருக்குப் பங்கு வாங்கிக் காப்பாற்றினார்.

பிறகு தண்ணீரில் இறங்கும் பெரிய பயணிகள் விமானங்கள் செய்து பெயர் வாங்கினார். ஆனாலும் பழைய ஆசை போகவில்லை. 1931-ல் ஒரு ஹெலிகாப்டருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1935-ல் கிடைத்தது. அந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள்: மேலே ஒரு ரோட்டர், வாலில் ஒரு ரோட்டர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிறுவனம் எப்படிப் பணம் கொடுத்தது?

1938-ல் பெரிய தண்ணீர் விமானங்களுக்குச் சந்தை படுத்துவிட்டதால் அவருடைய பிரிவை மூட முடிவெடுத்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்கப் போன கூட்டத்தில், தன் ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டு ஹெலிகாப்டர் செய்ய அனுமதி கேட்டார். கொடுத்தார்கள். வேலை போகிற நாளில் போய் முப்பது வருஷக் கனவுக்கு அனுமதி வாங்கி வந்த ஆசாமி அவர்.

முதல் நாள் எவ்வளவு உயரம் பறந்தது?

1939 செப்டம்பர் 14. சில அங்குலம். சில விநாடிகள். அவ்வளவுதான்.

அதுவும் கயிற்றால் கட்டி, கீழே கனமான எடைகளைத் தொங்கவிட்டு. வண்டி கைமீறித் துள்ளினாலும் ஓடிவிடக் கூடாது என்ற ஏற்பாடு. ஐரோப்பாவில் அப்போதுதான் இரண்டாம் உலகப்போர் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது, இதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

யார் ஓட்டினார்?

சிகோர்ஸ்கியே. அப்போது அவருக்கு 50 வயது. ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, பள்ளி இல்லை, அவருக்கு முன் அனுபவமும் இல்லை. கோட்டு, டை, தலையில் தொப்பி சகிதமாக உட்கார்ந்து ஓட்டினார். புகைப்படங்களில் அந்தத் தொப்பியைப் பார்க்கலாம். மேலே 28 அடி விசிறி சுழலும்போது அது பறந்துபோகாமல் இருந்தது எப்படி என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஆனால் ரோட்டரின் கீழே, நடுப்பகுதியில் காற்று அவ்வளவு பலமாக அடிப்பதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

வண்டியில் தவறு இருந்தால் முதலில் தெரிய வேண்டியது தனக்குத்தான் என்று அவர் நினைத்ததில் ஒரு நன்மை இருந்தது. பைலட் சொல்வதைப் பொறியாளர் புரிந்துகொள்வதில் வரும் இடைவெளி இங்கே இல்லை. கையில் உணர்ந்ததை மாலையே வரைபலகையில் திருத்தலாம்.

விபத்து நடந்ததாகச் சொல்கிறார்களே?

1939 டிசம்பர் 9. பலத்த காற்று ஒன்று வீசி வண்டியைக் கவிழ்த்தது. ரோட்டர் தரையில் மோதி உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

இந்த விபத்துதான் கதையின் முதல் திருப்பம். அதுவரை வண்டியில் இருந்தது சைக்ளிக் கட்டுப்பாடு. அதாவது பெரிய ரோட்டரின் பிளேடுகளைக் கொண்டே வண்டியை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும் முறை (விளக்கம் கீழே). அது முரண்டு பிடித்துக்கொண்டே இருந்தது. வண்டியைத் திரும்பக் கட்டும்போது சிகோர்ஸ்கி அதைக் கழற்றிவிட்டார். பதிலாக வாலில் இரண்டு பக்கமும் கைகள் நீட்டி, ஒவ்வொன்றின் முனையிலும் படுக்கைவாட்டில் ஒரு சின்ன ரோட்டர் மாட்டினார். ஏற்கெனவே இருந்த பக்கவாட்டு விசிறியோடு சேர்த்தால் வாலில் மொத்தம் மூன்று.

வேலை செய்யும் விதம் எளிது. படுக்கை ரோட்டர்கள் இரண்டும் வாலை மேலே தூக்கினால் மூக்கு தாழும், வண்டி முன்னே போகும். ஒன்று தூக்கி மற்றது இறக்கினால் பக்கவாட்டில் சாயும். பெரிய ரோட்டருக்குத் தூக்கும் வேலை மட்டும். பார்க்கக் காவடி மாதிரி இருந்தாலும் பைலட்டுக்குப் பிடி கிடைத்தது. 1940 மே 13-ல் முதல்முறையாகக் கயிறு அவிழ்த்துப் பறந்தார்கள்.

முன்னால் போகாத ஹெலிகாப்டர் என்று கேலி செய்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். நின்ற இடத்தில் நிற்கும், பின்னால் போகும், பக்கவாட்டில் போகும். முன்னால் வேகமெடுத்தால் மட்டும் ஆட்டம் காணும். காரணம் சின்னது. வேகமாகப் போகும்போது பெரிய ரோட்டர் கீழே தள்ளும் காற்று பின்பக்கமாகச் சரிந்து வாலில் உள்ள படுக்கை ரோட்டர்கள் மேல் கொட்டியது. அவை வாலைப் பிடிக்க முடியாமல் திணறின.

நிறுவனத்துப் பெரியவர்களுக்கு வண்டி பறக்கும் படத்தைப் போட்டுக் காட்டியபோது, எல்லாப் பக்கமும் போகிறது, முன்னால் போவதை மட்டும் காணோமே என்று ஒருவர் கேட்டாராம். அது நாங்கள் இன்னும் தீர்க்காத சில்லறைப் பொறியியல் பிரச்சினைகளில் ஒன்று என்று சிகோர்ஸ்கி சளைக்காமல் பதில் சொன்னதாகக் கதை.

சைக்ளிக் என்றால் சரியாக என்ன? ஏன் அவ்வளவு கஷ்டம்?

டேபிள் ஃபேனின் இறக்கையைப் பாருங்கள், கொஞ்சம் திருகியிருக்கும். அந்தத் திருகல் கோணம் கூடினால் அதிகக் காற்றைத் தள்ளும். ஹெலிகாப்டரில் எல்லா பிளேடுகளின் கோணத்தையும் ஒரே அளவில் கூட்டினால் வண்டி நேராக மேலே எழும்பும். இது கலெக்டிவ்.

சைக்ளிக் வேறு. ஒரு பிளேடு சுற்றி வரும்போது, பின்பக்கம் வந்தால் கோணம் கூட வேண்டும், முன்பக்கம் போனால் குறைய வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும், நிமிடத்துக்குப் பல நூறு முறை. அப்போது ரோட்டர் வட்டத்தின் பின்பாதி அதிகம் தூக்கும், வட்டம் முன்னால் சாயும், வண்டி முன்னே போகும் என்றுதானே தோன்றுகிறது?

அங்கேதான் பம்பரம் குறுக்கே வருகிறது. சுழலும் பம்பரத்தின் தலையை விரலால் ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். தள்ளிய பக்கம் சாயாது, அதற்குச் செங்குத்தான பக்கம் நழுவும். ரோட்டரும் ஒரு பெரிய பம்பரம்தான். பிளேடில் கொடுக்கும் விசையின் பலன் ஏறக்குறைய கால் சுற்று கழித்துத்தான் தெரியும். ஆகவே வட்டம் முன்னால் சாய வேண்டுமென்றால், பிளேடு பின்னால் வரும்போது அல்ல, அதற்குக் கால் சுற்று முன்பே, பக்கவாட்டில் இருக்கும்போதே கோணத்தைக் கூட்ட வேண்டும்.

இதோடு இன்னொரு தொல்லை. முன்னே போகும்போது ஒரு பக்க பிளேடு எதிர்க்காற்றை நோக்கி வருகிறது, அதிகம் தூக்கும். மறுபக்க பிளேடு காற்றோடு ஓடுகிறது, குறைவாகத் தூக்கும். சும்மா விட்டால் வண்டி பக்கவாட்டில் புரண்டுவிடும். ஸ்பெயின்காரர் சியெர்வா தன் ஆட்டோஜைரோவில் (மேலே உள்ள விசிறி காற்றாலேயே சுழலும், முன்னால் இழுக்கத் தனி இன்ஜின் இருக்கும் வண்டி) பிளேடுகளுக்குக் கீல் வைத்து, கதவு மாதிரி மேலும் கீழும் ஆட விட்டு இதைத் தீர்த்திருந்தார். 1923-ல் அவர் அப்படிப் பறக்கவிட்டுக் காட்டியிருக்காவிட்டால் பின்னால் வந்த யாருக்கும் வழி தெரிந்திருக்காது. சிகோர்ஸ்கி கதை சொல்பவர்கள் சியெர்வாவை மறப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

உலக சாதனை என்ன?

1941 மே 6. சிகோர்ஸ்கி 1 மணி 32 நிமிடம் 26 விநாடி ஆகாயத்தில் இருந்தார். ஜெர்மன் எஃப்.டபிள்யூ.-61 1937-ல் வைத்த 1 மணி 20 நிமிடம் 49 விநாடி முறிந்தது. சாதனை என்றால் தூரம் பறந்தார் என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலைத் திடலுக்கு மேலேயே மிதந்துகொண்டிருந்தார். முன்னால் போகத் தயங்கும் வண்டிக்குப் பொருத்தமான சாதனை!

அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஏப்ரல் 17-ல், சக்கரத்துக்குப் பதில் ரப்பர் மிதவைகளை மாட்டி, தண்ணீரிலிருந்தும் எழும்பிக் காட்டினார்கள்.

கடைசி உருவத்துக்கு எப்போது வந்தது?

படிப்படியாக. 1941 நடுவில் இரண்டு படுக்கை ரோட்டர்களையும் எடுத்துவிட்டு, வாலில் உயரமான ஒரு தூணின் மேல் ஒன்றை மட்டும் வைத்தார்கள். பக்கவாட்டுச் சாய்வுக்குப் பெரிய ரோட்டரில் பாதி சைக்ளிக் திரும்ப வந்தது. கடைசியாக டிசம்பரில் அந்த ஒற்றைப் படுக்கை ரோட்டரும் போய், முழு சைக்ளிக் வந்தது. டிசம்பர் 8-ல், பெர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட மறுநாள், வண்டி அப்படிப் பறந்தது. மேலே ஒன்று, வாலில் ஒன்று.

1931-ன் காப்புரிமைப் படத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். 1939 செப்டம்பரில் அவர் முதலில் கட்டியதும் ஏறக்குறைய அதேதான். அப்படியானால் நடுவில் இரண்டு வருஷம் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. 1939-ல் ஒரே நேரத்தில் எல்லாமே புதிது: ரோட்டர் புதிது, கட்டுப்பாடு புதிது, பைலட் புதிது. எது தப்பு என்று கண்டுபிடிக்க முடியாது. மூன்று வால் ரோட்டர்கள் சைக்கிள் பழகும் குழந்தைக்குப் பக்கத்தில் மாட்டும் சின்னச் சக்கரங்கள் போல. அவற்றை வைத்து மிதக்கப் பழகி, அதிர்வைக் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

போரில் பயன்பட்டதா?

வி.எஸ்.-300 போருக்குப் போகவில்லை, அதன் பிள்ளை போனது. இருவர் உட்காரும் எக்ஸ்.ஆர்.-4 1942 ஜனவரி 14-ல் பறந்தது. அதே ஆண்டு மே மாதம் பைலட் லெஸ் மோரிஸ் அதை ஸ்ட்ராட்போர்டிலிருந்து ஒஹாயோ மாநிலத்து டேட்டனுக்கு, 761 மைல், ஐந்து நாளில் ஓட்டிக்கொண்டு போனார். அங்கே பார்க்க வந்தவர்களில், விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் ஒருவரான ஆர்வில் ரைட்டும் இருந்தார். பிறகு ஆர்.-4 என்ற பெயரில் நூற்றுக்கும் மேல் தயாரித்தார்கள். தொழிற்சாலையில் வரிசையாகச் செய்த முதல் ஹெலிகாப்டர்களில் முக்கியமானது அது.

1944 ஜனவரி 3-ல் நியூயார்க் அருகே ஒரு போர்க்கப்பல் வெடித்தது. பனிப்புயலில் விமானங்கள் எழும்ப முடியாத அந்த நாளில், கடலோரக் காவல்படையின் ஃபிராங்க் எரிக்சன் இந்த ரக வண்டியில் ரத்தப் பிளாஸ்மா கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நமக்குப் பக்கத்தில் நடந்த கதையும் உண்டு. 1944 ஏப்ரலில் பர்மாக் காட்டில், ஜப்பானியர் வசமிருந்த பகுதியில் ஒரு சிறு விமானம் விழுந்தது. உள்ளே ஒரு பைலட்டும், காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களும். அசாமின் லாலாகாட் தளத்திலிருந்து கார்ட்டர் ஹார்மன் ஒரு ஒய்.ஆர்.-4-ஐ (ஆர்.-4 வகையின் ஆரம்ப வண்டி) எடுத்துக்கொண்டு கிளம்பினார். கோடை வெயிலில் காற்று லேசாகிவிடும், ரோட்டருக்குப் பிடி குறையும், இன்ஜினும் கொதிக்கும். ஒரு தடவைக்கு ஒரு ஆள்தான் ஏற்ற முடியும். ஆகவே நாலு நடை, இரண்டு நாள். நால்வரும் தப்பினார்கள். போர்முனையில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு இதுதான். ஹார்மன் போருக்குப் பிறகு இசை விமர்சகராகவும் இசையமைப்பாளராகவும் ஆனார். ரக்மானினோவின் 5,000 டாலர் நினைவுக்கு வருகிறதா?

இன்ஜின் நின்றுவிட்டால் கல் மாதிரி விழுந்துவிடுமா?

விழாது, போதுமான உயரமும் பைலட்டுக்கு நிதானமும் இருந்தால். பிளேடு கோணத்தை உடனே குறைத்தால், கீழிருந்து மேலே வரும் காற்றே ரோட்டரைச் சுற்றிக்கொண்டிருக்கும், காற்றாலை மாதிரி. தரைக்கு அருகில் வந்ததும் கோணத்தைக் கூட்டி, சுழற்சியில் சேர்ந்த சக்தியைச் செலவழித்து மெதுவாக இறங்கலாம். ஒரே ஒரு வாய்ப்புதான், அதனால் பைலட்கள் இதைத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்கிறார்கள்.

ஹெலிகாப்டர் என்ற சொல் ஹெலி, காப்டர் என்று பிரியுமா?

பிரியாது. கிரேக்கத்தில் ஹெலிகோ என்றால் திருகு, ப்டெரோன் என்றால் சிறகு. 1860-களின் தொடக்கத்தில் போன்தோன் தாமேகூர் என்ற பிரெஞ்சுக்காரர் கட்டிய சொல். தமிழில் உலங்கு வானூர்தி என்கிறோம், இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் இது சகஜம். உலங்கு என்றால் கொசு. மொய்க்கும் சத்தத்தை நினைத்தால் பொருத்தமான பெயர்.

அசல் வண்டியை இன்று பார்க்க முடியுமா?

முடியும். 1943 அக்டோபர் 7-ல், மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு ஒப்படைத்தார்கள். ஒப்படைக்கும் முன் அங்கேயே கடைசியாக ஒருமுறை பறக்கவிட்டார்கள். அதன் ஆயுளில் மொத்தம் பறந்த நேரம் 102 மணிக்குச் சற்று அதிகம். இப்போது அங்கே நிற்பது கடைசி உருவம்: மேலே ஒரு ரோட்டர், வாலில் ஒரு ரோட்டர். அந்த மூன்று வால் ரோட்டர்களைப் பார்க்க வேண்டுமானால் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் தேட வேண்டும்.